ராஜகிரி உச்சியில் இருபத்தொரு டிகிரி

செஞ்சிக் கோட்டைக்குப் போய்வந்தவர்கள் எழுதிய குறிப்புகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. என்னுடையது கொஞ்சம் பழையது. 1964 ஜனவரியில், பொங்கல் விடுமுறையில் போனேன். கையில் கேமரா கிடையாது. பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கிய இரண்டு தெர்மாமீட்டர்கள் இருந்தன. நான் கோட்டையைப் பார்க்கப் போகவில்லை. மலையடிவாரத்துக்கும் உச்சிக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் இருக்கிறது என்று அளந்து பார்க்கப் போனேன். இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. நீங்களும் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. விழுப்புரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அதில் கணவரோடு இருந்தது இருபத்திரண்டு நாள். அவர் பெயர் தனபால். ராணுவத்தில் ரேடியோ ஆபரேட்டர். கல்யாண லீவு முடிந்து போனவரை வடக்கே, இமயமலைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். எந்த ஊர் என்று எழுதக் கூடாது. முகவரி இருக்கவேண்டிய இடத்தில் ஓர் எண் மட்டும் இருக்கும்.

மாதத்துக்கு இரண்டு கடிதம் வரும். ஒவ்வொன்றிலும் அதே மூன்று வரி. "இங்கே எல்லாம் சௌகரியம். குளிர் ஒன்றும் அதிகமில்லை. கம்பளி நிறையக் கொடுத்திருக்கிறார்கள்." பிறகு என் உடம்பைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் விசாரிப்பு. அதையே திரும்பத் திரும்பப் படிப்பேன். எழுத்து மனப்பாடமாகிவிட்டது, குரல் மறந்துகொண்டே வந்தது. அவர் "வசந்தா" என்று கூப்பிட்டது எப்படி இருந்தது என்று சில நாள் காலையில் யோசித்துப் பார்ப்பேன், பிடிபடாது. அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஐப்பசியில் அவரோடு வேலை செய்கிற ஒருவர் லீவில் திருவண்ணாமலைக்கு வந்தவர், விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி என் வீட்டுக்கு வந்து ஒரு பொட்டலம் அக்ரூட் பருப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். காபி கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டேன்.

"எவ்ளோ உயரத்துல இருக்கீங்க?"

"பதினாலாயிரம் அடிங்க. மூச்சு விடறதே அங்க ஒரு வேலைதாங்க."

"குளிர்?"

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழகிடுங்க" என்றார். உடனே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்.

அந்த வாரமே ஒன்பதாம் வகுப்பில் வளிமண்டலப் பாடம் வந்தது. ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், மேல போகப் போக சூரியனுக்குக் கிட்டதானே போறோம்? அப்புறம் ஏன் குளிருது?" நல்ல கேள்வி. பதில் எனக்குத் தெரியும். வெயில் காற்றைச் சுடாமல் கடந்து வந்து தரையைத்தான் சுடுகிறது. சூடான தரை தன்மேல் கிடக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே ஏறுகிறது. மேலே அழுத்தம் குறைவு, அதனால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஆயிரம் அடிக்குச் சுமார் இரண்டு டிகிரி. இப்படியே பத்து மைல் உயரம் வரை குளிர்ந்துகொண்டே போய், அதற்குமேல் மறுபடி சூடேறத் தொடங்கும். கரும்பலகையில் ஒரு மலையை வரைந்து, அடியிலிருந்து உச்சிவரை எண்களை எழுதிக்கொண்டே போனேன். பதினாலாயிரம் அடியில் வந்து கை நின்றுவிட்டது. இரண்டு பதினாலு இருபத்தெட்டு. விழுப்புரத்தில் மார்கழிக் காலையில் இருபது டிகிரி. இருபதிலிருந்து இருபத்தெட்டைக் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு. அதுவும் விழுப்புரத்துக்கு நேர்மேலே ஒரு மலை இருந்தால்தான் அந்தக் கணக்கு. அவர் இருப்பதோ வடகோடியில்.

"குளிர் ஒன்றும் அதிகமில்லை."

புத்தகத்தை நம்பாமல் இல்லை. ஆனால் அந்த எண்ணை என் உடம்பால் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அவர் ஏறிப்போன உயரத்தில் முதல் ஒன்றிரண்டு படியையாவது நானும் ஏறிப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்குத் தோதான மலை செஞ்சி ராஜகிரிதான். அடிவாரத்திலிருந்து உச்சி சுமார் எண்ணூறு அடி. (மயிலம் குன்று வழியிலேயே இருக்கிறது, முருகனுக்கு அது போதும், தெர்மாமீட்டருக்குப் போதாது.)

முதலில் இரண்டு தெர்மாமீட்டரையும் ஒரே வாளித் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். ஒன்று அரை டிகிரி கூடுதலாகக் காட்டியது. அதன் தலையில் சிவப்பு நூல் கட்டிவைத்துக்கொண்டேன். பிறகு இரண்டையும் பஞ்சில் சுற்றி மூங்கில் குழாயில் போட்டு, மாற்றுப் புடவைக்கு நடுவில் செருகினேன்.

காணும் பொங்கலன்று பிற்பகல் மூன்று நாற்பதுக்கு விழுப்புரத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினேன். திண்டிவனம் இருபத்துமூன்று மைல். மூன்றாம் வகுப்பு, எழுபது நயா பைசா. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, ஐந்து மணி தாண்டித்தான் போய்ச் சேர்ந்தது. வண்டி முழுக்கக் கரும்பும் கையுமாகப் பண்டிகைக் கூட்டம். எனக்கு எதிரே புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அந்தப் பெண் ஜன்னலோரம் வேண்டும் என்றாள். அவன் எழுந்து இடம் மாறினான். அவ்வளவுதான் நடந்தது. பேரணி வரை அவர்களைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திண்டிவனம் ஸ்டேஷனில் பூங்காவனம் அண்ணி நின்றிருந்தார். என் கணவரின் அக்கா. அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். செஞ்சி ரோட்டில் ஸ்டேஷனிலிருந்து ஒரு மைலில் வீடு, வீட்டுக்குப் பின்னாலேயே ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எழுதப் படிக்கத் தெரியாது. நான் மலைக்குப் போகிறேன் என்று கடுதாசி போட்டதும், தானும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்குப் போனதும் மூங்கில் குழாயைத் திறந்து காட்டினேன்.

"இத்த வச்சிக்கினு மலைமேல என்னா பண்ணப் போற?"

"மேல எவ்ளோ குளிருதுன்னு பாக்கப் போறேன் அண்ணி. அதுல இருந்து அவர் இருக்கற எடத்துல எவ்ளோன்னு கணக்குப் போடலாம்."

அண்ணி தெர்மாமீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கைச்சூட்டில் பாதரசம் ஏறியது. "எல்லாத்துக்கும் கணக்கா?" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் கேப்பைக் கூழைக் கிண்டப் போய்விட்டார்.  

மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு வீட்டு வாசலிலேயே கையைக் காட்டி பஸ் ஏறினோம். செஞ்சிக்குப் பதினேழு மைல். ஆளுக்கு எழுபத்தைந்து நயா பைசா. ரோட்டை வெள்ளையாகப் பனி மூடியிருந்தது. நாங்கள் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்துத்தான் ஓட்டினார்.

"கொஞ்சம் ஜல்தியாப் போகக் கூடாதாங்க? எட்டு மணிக்கு நாங்க மலை உச்சியில இருக்கணும்" என்றேன்.

"இப்பிடி மூடிக்கினு இருந்தா எப்பிடிம்மா போறது? ஒரே பேஜாரா இருக்குது. மாட்டு வண்டி எதிர்ல வந்தாக்கூடத் தெரியல. மலை எங்கியும் போயிடாது, குந்துங்க."

செஞ்சியில் இறங்கும்போது ஆறு பத்து. கோட்டைக்கு அங்கிருந்து ஒன்றரை மைல், நடைதான். பல் கிட்டித்தது. ராஜகிரி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கீழ்க்கோட்டை வாசலில் காவல்காரர் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். கீழே பார்க்க ஆள் வேண்டும். அண்ணியை உட்கார வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவரோ கமலக்கண்ணி அம்மனைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்.

காவல்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நம்பர் படிப்பீங்களா?"

"நல்லாப் படிப்பேங்க. நாலாவது வரைக்கும் போயிருக்கேன்."

கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலின் நிழலில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, எப்படிப் பார்ப்பது என்று காட்டினேன். கண்ணை நேராக வைத்து, மூச்சுக்காற்று படாமல் பார்க்க வேண்டும். எட்டேகாலுக்கு ஒருமுறை, மத்தியானம் ஒரு மணிக்கு ஒருமுறை. நாங்கள் கிளம்பும்போது நானே ஒருதடவை பார்த்தேன். ஆறு ஐம்பது. பதினெட்டரை டிகிரி.

ஏறத் தொடங்கினோம். படிகள் ஆரம்பத்தில் சுலபம், போகப்போகச் செங்குத்து. ஈரத்தில் வழுக்கும், ஓரத்துப் பாறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான்கடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. மேலே எங்கேயோ குரங்கு கத்தியது. அண்ணி எனக்குப் பதினைந்து வயது மூத்தவர், ஆனால் எனக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார். வழியில் கமலக்கண்ணி அம்மன் சன்னதி. அண்ணி சூடம் ஏற்றினார். மடியிலிருந்து ஒரு சின்னத் தகட்டை எடுத்து அம்மன் காலடியில் வைத்தார். எட்டிப் பார்த்தேன். கால் மாதிரி வெட்டிய வெள்ளித் தகடு. நேர்த்திக்கு வைப்பது. அண்ணிக்கு முட்டிவலி உண்டு, அதற்காக என்று நினைத்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடி நின்றது அதிக நேரமாகத் தோன்றியது. மணியைப் பார்த்துப் பார்த்து அவசரப்படுத்தினேன்.

சன்னதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு விஷயம் நடந்தது. பனி வெளுத்துக்கொண்டே வந்தது. பிறகு மஞ்சளாயிற்று. அடுத்த வளைவில் திடீரென்று தலைக்குமேல் நீல வானம். திரும்பிப் பார்த்தால் நாங்கள் பனிக்கு வெளியே நிற்கிறோம். கீழே கோட்டை இல்லை, ஊர் இல்லை, செஞ்சி ரோடு இல்லை. தும்பைப்பூவைக் கொட்டிப் பரப்பின மாதிரி வெள்ளை. அதிலிருந்து எதிரே, கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரி மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் வெயில் பட்டது. போர்த்தியிருந்த சால்வையைக் கழற்றினேன்.

உச்சிக்கு அருகில் பாறை இரண்டாகப் பிளந்திருக்கும். அதன்மேல் ஒரு பாலம். அதைத் தாண்டி ரங்கநாதர் கோயில் மண்டபத்துக்குள் போகும்போது மணி எட்டு. நிழலான தூணில் சிவப்பு நூல் தெர்மாமீட்டரைக் கட்டினேன். எட்டேகாலுக்குப் பார்த்தேன். இருபத்தொன்றரை. அரையைக் கழித்தால் இருபத்தொன்று. மறுபடி பார்த்தேன். அதேதான்.

"அண்ணி! இங்க பாருங்க! கீழ பதினெட்டரை. இங்க இருபத்தொண்ணு. மேலதான் சூடு!"

"அப்பிடின்னா?"

"அப்பிடின்னா எல்லா மலையிலயும் மேல குளிருதுன்னு இல்ல. அவர் இருக்கற எடத்துலயும் இப்பிடி இருக்கலாம். அவர் எழுதறது நெசமாவே இருக்கலாம், அண்ணி!"

அறிவியல் டீச்சர் பேசுகிற பேச்சா இது? அப்போதே எனக்குத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும் நாளில், இரவெல்லாம் தரை தன் சூட்டை இழந்து சில்லிட்டுவிடும். அதை ஒட்டிய காற்றும் சில்லிட்டுக் கனமாகி, பள்ளத்தில் தேங்கிக் கிடக்கும். அதற்கு மேலே உள்ள காற்று கதகதப்பாகவே இருக்கும். சில நூறு அடிக்குத்தான் இந்தத் தலைகீழ்க் கணக்கு. வெயில் ஏறினால் கலைந்துவிடும். பதினாலாயிரம் அடியில் பனியில் நிற்பவருக்கு இதனால் ஒரு நூல் கூடப் பிரயோஜனமில்லை. எல்லாம் தெரிந்தும் கைகொட்டிச் சிரித்தேன். ஒன்றரை வருஷமாகத் தேடியது கிடைத்துவிட்டதுபோல இருந்தது.

அண்ணி சிரிக்கவில்லை. மண்டப விளிம்பில் உட்கார்ந்து கீழே பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் வசந்தா" என்றார். "இதுக்குமேல என்னால வாய மூடிக்கினு இருக்க முடியாது. நீ சிரிக்கிறதப் பாத்தா வவுறு எரியுது."

"என்னா அண்ணி?"

"தம்பிக்கு எடது கால்ல ரெண்டு வெரல எடுத்துட்டாங்க."

எனக்கு அது முதலில் புரியவே இல்லை. யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டேன்.

"கார்த்திகையில ஆஸ்பத்திரியில இருந்து எனக்கு எழுதியிருந்தான். தபால்காரர்தான் படிச்சுக் காட்டுனாரு. பனியில வெரலு கறுத்துப் போச்சாம். வுட்டா காலு போயிடும்னு ரெண்டு வெரல வெட்டிட்டாங்களாம். வசந்தாகிட்ட சொல்லாதக்கா, அது படிச்ச பொண்ணு, ஒண்ணு சொன்னா ஒம்போது கணக்குப் போட்டு அழுதுக்கினு இருக்கும்னு எழுதியிருந்தான். சத்தியம் வாங்கிட்டான். இப்போ நல்லா இருக்கானாம். நடக்கிறானாம்."

அம்மன் காலடியில் வைத்த வெள்ளித் தகடு அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இரண்டு மாதம் இந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. திண்டிவனத்துத் தபால்காரருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு "எல்லாம் சௌகரியம்" என்று எனக்கு எழுதியிருக்கிறார். அதை நான் ஏழெட்டுத் தடவை படித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"எங்கிட்ட சொல்ல மாட்டாரு, உங்ககிட்ட சொல்லுவாரு" என்றேன்.

"நான் தூக்கி வளத்தவ. எங்கிட்ட அவனுக்கு வெக்கம் இல்ல. ஒங்கிட்ட இருக்குது. பொண்டாட்டிகிட்ட நொண்டிக்கினு வந்து நிக்கணுமேன்னு இருக்குது அவனுக்கு. அது புரியலையா ஒனக்கு?"

நான் எழுந்து மண்டபத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒன்பது மணி சுமாருக்குப் பனி கலைய ஆரம்பித்தது. முதலில் கோட்டை மதில்கள் தெரிந்தன, பிறகு குளம், பிறகு வயல்கள். பத்து மணிக்கெல்லாம் செஞ்சி ரோட்டில் பஸ் போவது தெரிந்தது.  அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேகவைத்த மல்லாட்டையை உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். கை நிரம்பியதும் வேறு வழியில்லாமல் சாப்பிட்டேன்.

"எந்த ரெண்டு வெரலு?" என்று கேட்டேன்.

"சுண்டு வெரலும் அதுக்குப் பக்கத்து வெரலும்."

என் இடது காலை நீட்டி அந்த இரண்டு விரலையும் பார்த்தேன். அவருடைய கால் விரல்கள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை. இருபத்திரண்டு நாளில் அவர் காலை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. அப்போதுதான் அழுகை வந்தது. அண்ணியும் அழுதார்.

கொண்டுபோன புளிச்சோற்றில் பாதியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மீதியைப் பங்கிட்டுக்கொண்டோம். தெர்மாமீட்டரை நான் மறந்தே போனேன். அண்ணிதான் ஞாபகப்படுத்தினார். "மணி ஒண்ணாச்சா? போய்ப் பாரு. அதுக்குத்தான வந்த?"

பார்த்தேன். அரையைக் கழித்து இருபத்தேழரை. எழுதிக்கொண்டேன்.

இறங்க முக்கால் மணி நேரம். காவல்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, பீடிக்கட்டுக் காகிதத்தின் பின்பக்கத்தைக் கொடுத்தார். கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். எட்டேகால் மணி, பத்தொன்பது. ஒரு மணி, இருபத்தொன்பதரை. "மூணு தபா பாத்துட்டுத்தாங்க எழுதினேன்" என்றார். காலையில் உச்சி இரண்டு டிகிரி சூடு. மத்தியானம் உச்சி இரண்டு டிகிரி குளிர்ச்சி. புத்தகம் சொன்னது மத்தியானத்தில் சரியாக இருந்தது. நல்ல வெயிலில் வறண்ட காற்று ஆயிரம் அடிக்கு மூன்று டிகிரி வரைகூட இறங்கும் என்று பிற்பாடு படித்தேன்.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டார் காவல்காரர்.

"என் தம்பி மிலிட்டரியில இருக்கான். அவன் இருக்கற எடத்துல எவ்ளோ குளிருதுன்னு பாக்க" என்றார் அண்ணி.

அவர் மலையை அண்ணாந்து பார்த்தார். "இங்கருந்தேவா?" என்றார்.

அன்று மாலை திண்டிவனத்தில் உட்கார்ந்தே கடிதம் எழுதினேன். அண்ணி சொல்லிவிட்டதை மறைக்கவில்லை. அவர்மேல் கோபப்படக் கூடாது என்றும் எழுதினேன். நான்கு அளவுகளையும் நேரத்தோடு எழுதி, பதினாலாயிரம் அடிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். "உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமேல் சௌகரியம் என்று எழுதாதீர்கள். உங்கள் ரேடியோ அறையில் கட்டாயம் ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். அதில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். எனக்கு எண் புரியும்."

பதில் வர முப்பத்தாறு நாள் ஆயிற்று. நான் பயந்துபோயிருந்தேன். உறையைக் கிழித்தால் முதல் வரி: "வசந்தா, இன்று காலை ஆறு மணி, மைனஸ் பதினெட்டு." காலுக்காக அவரைப் பதினோராயிரம் அடிக்கு இறக்கியிருந்தார்கள். மேலே இருந்தபோது மைனஸ் முப்பதுவரை போயிருக்கிறது. நான்கு பக்கம் எழுதியிருந்தார். விரல் கறுத்த அன்று என்ன நடந்தது, ஆஸ்பத்திரியில் எதை நினைத்துப் பயந்தார், இல்லாத விரல் இன்னும் வலிப்பது எப்படி, எல்லாம். "நீ கணக்குப் போட்ட முறை சரி. வடக்கின் குளிரை மட்டும் நீ சேர்க்கவில்லை. இதையெல்லாம் உனக்கு எழுதிவிட்ட பிறகு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்." கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அதன்பிறகு எல்லாக் கடிதமும் ஓர் எண்ணில்தான் ஆரம்பிக்கும். பங்குனியில் மைனஸ் ஒன்பது. பிறகு மைனஸ் நாலு. சித்திரையில் ஒருநாள் பிளஸ் ஒன்று, பக்கத்தில் ஆச்சரியக்குறி. அந்த எண்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்தேன். ஒவ்வொன்றும் ஏற ஏற, அவர் ஒவ்வொரு படியாக என்னை நோக்கி இறங்கி வருவதுபோல இருக்கும்.

இனி, போக நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கு இப்போது நேர் பஸ் இருக்கிறது, சுமார் நாற்பது கிலோமீட்டர். என்னைப்போலத் திண்டிவனம் சுற்றிப் போகவேண்டியதில்லை. ஆனால் ரயிலில் திண்டிவனம் போய், அங்கிருந்து விடிகிற நேரத்தில் பஸ் ஏறினால் வழியில் பனி பார்க்கலாம். பனி வேண்டுமென்றால் தை மாதம் போங்கள், வேண்டாமென்றால் மாசி. கோடையில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. பிற்பகலில் ராஜகிரிமேல் ஏற விடமாட்டார்கள் என்று கேள்வி, வாசலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். சாப்பாட்டுப் பையைக் குரங்கு கண்ணில் காட்டாதீர்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இரண்டு தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு போங்கள், இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. இரண்டையும் முதலில் ஒரே தண்ணீரில் வைத்துச் சரிபாருங்கள். நிழலில்தான் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் காற்றின் சூட்டைக் காட்டாது, வெயிலின் சூட்டைத்தான் காட்டும். கீழே ஒருவர், மேலே ஒருவர், ஒரே நேரத்தில் பாருங்கள். காலையில் வருகிற எண்ணைப் பார்த்து என்னைப்போலக் குதிக்காதீர்கள். மத்தியானம்வரை பொறுங்கள்.

நான் அதற்குப்பின் ராஜகிரி ஏறியதில்லை. செஞ்சிப் பக்கம் நானும் என் கணவரும் இரண்டு மூன்று தடவை சேர்ந்து போயிருக்கிறோம். அவரால் அவ்வளவு படி ஏற முடியாது, அவர் இல்லாமல் ஏற எனக்கு மனமில்லை. அண்ணி காலமாகி முப்பது வருஷம். என் கணவர் போய் ஒன்பது வருஷமாகிறது.

மலை ஏறிய அந்த வருஷம், மே கடைசியில் அவர் லீவில் வந்தார். விழுப்புரம் ஜங்ஷனில் மத்தியானம் ஒன்றரை மணிக்கு வண்டி வந்து நின்றது. கத்திரி வெயில். பிளாட்பாரத்தில் கூரை இருக்கிற இடமெல்லாம் ஜனங்கள் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெட்டியிலிருந்து அவர் இறங்குவதைப் பார்த்தேன். கறுத்து, இளைத்து, இடது காலைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து நடந்து வந்தார். பாதி வழியில், கூரை இல்லாத இடத்தில் டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டார். கால் வலிக்கிறதாக்கும் என்று ஓடினேன்.

"என்னாங்க, நெழலுக்கு வாங்க" என்றேன்.

"வசந்தா" என்றார். குரல் நான் மறந்தது மாதிரியே இல்லை. இன்னும் மெல்லிசாக இருந்தது. "கொஞ்ச நேரம் இங்கியே நிக்கலாமா?"

முகத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். போர்ட்டர் ஒருவர் எங்களை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார். என் தலை கொதித்தது, செருப்புக்குள் கால் சுட்டது. வண்டி புறப்பட்டுப் போய், பிளாட்பாரம் காலியாகும்வரை நானும் அவர் பக்கத்தில் நின்றேன்.